படிக்கப் போன பையன் ஹாக்கி மேட்சுக்கு எதற்கு மீன் கொண்டு போகிறான்?

கேள்வி சுருக்கமாக இது: "என் அக்கா மகன் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். போன வாரம் ஃபோனில் பேசும்போது, ஜாக்கெட்டுக்குள் ஒரு முழு மீனை ஒளித்துக்கொண்டு ஐஸ் ஹாக்கி மேட்சுக்குப் போனதாகச் சொன்னான். நாங்கள் சுத்த சைவம். சீசன் டிக்கெட் வேறு வாங்கியிருக்கிறானாம். அந்த லைனா ரிங்க்கில் அப்படி என்னதான் இருக்கிறது? நாங்கள் கவலைப்பட வேண்டுமா?"

கவலையே வேண்டாம். மருமகன் ஊரோடு ஒட்டிவிட்டான் என்று அர்த்தம். நானும் கார்னெல் இருக்கும் அதே இத்தாக்கா ஊரில் சில வருடங்கள் ஆராய்ச்சி மாணவனாகக் குளிரில் கிடந்தவன். மீன் விஷயம் வருடத்தில் ஒரே ஒரு மேட்சுக்குத்தான், ஹார்வர்டு வரும்போது மட்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்கள் மனதில் ஏறாது.

கார்னெல் நியூயார்க் மாநிலத்தின் வேளாண் பல்கலைக்கழகமும்கூட. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முதுநிலைப் படிப்பு நடத்தியதும் அந்த வேளாண் கல்லூரிதான். அமெரிக்காவின் பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்கள் எட்டு சேர்ந்த ஐவி லீக் கூட்டத்தில், மாட்டுத் தொழுவமும் பால் பண்ணையும் வைத்திருக்கும் கார்னெலை ஹார்வர்டுக்காரர்கள் "பட்டிக்காட்டான்" என்று சீண்டுவது பழைய வழக்கம். 1973-ல் நடந்த ஒரு மேட்சில் ஹார்வர்டு ரசிகர்கள் கார்னெல் கோல்கீப்பரைக் கேலி செய்யக் கோழியைக் கொண்டுவந்தார்கள். கோழி உயிரோடு இருந்ததா, செத்ததா, எறிந்தார்களா, கோல் கம்பத்தில் கட்டினார்களா என்பதில் ஆளுக்கொரு கதை. பதிலுக்கு இத்தாக்காவுக்கு ஹார்வர்டு வந்தபோது கார்னெல்காரர்கள் மீனை எறிந்தார்கள். ஏன் மீன்? ஹார்வர்டு இருப்பது பாஸ்டனை ஒட்டி. பாஸ்டன் மீன்பிடித் தொழிலால் வளர்ந்த ஊர். அந்த மாநிலச் சட்டமன்றத்தில் இன்றைக்கும் மரத்தில் செய்த ஒரு காட் மீன் தொங்குகிறது. "நாங்கள் மாடு மேய்ப்பவர்கள் என்றால் நீங்கள் மீன் விற்பவர்கள்தானே" என்பதுதான் அதன் உள்ளர்த்தம். அவ்வளவுதான். ஐம்பது வருடமாக விடாமல் நடக்கிறது.

நடைமுறை எப்படி என்றால், ஹார்வர்டு அணி பனித்தரையில் கால் வைக்கும் அந்த நொடியில் மீன் பறக்கும். வாசலில் பையைச் சோதிப்பார்கள், அதனால்தான் ஜாக்கெட்டுக்குள், சட்டைக்குள், பேண்ட் காலுக்குள் எல்லாம் ஒளித்துக்கொண்டு வருவார்கள். ஒலிபெருக்கியில் "எதையும் எறியாதீர்கள்" என்று எச்சரிக்கை வரும், யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஊழியர்கள் மண்வெட்டியோடு தயாராக நின்று வாரிக்கொண்டு போவார்கள். மேட்ச் தொடங்கிய பிறகும் எறிந்தால் நடுவர் கார்னெலுக்கே தண்டனை கொடுத்துவிடலாம், ஆட்டத்தைத் தாமதப்படுத்தினதற்காக. அதனால் அதற்குப் பிறகு எறிபவனை மற்ற மாணவர்களே பிடித்து உட்கார வைப்பார்கள். பக்கத்து ஊர் கோல்கேட் பல்கலைக்கழகம் வரும்போது டூத்பேஸ்ட் டியூப் பறக்கும். காரணம் சொல்லத் தேவையில்லை.

சரி, இனி ஆட்டத்துக்கு வருவோம். நமக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டியும் புல்தரையும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. சுமார் 200 அடி நீளம், 85 அடி அகலம் உள்ள பனித்தரை, சுற்றிலும் பலகையும் கண்ணாடித் தடுப்பும். கோல்கீப்பரோடு சேர்த்து ஓர் அணிக்கு 6 பேர். பந்துக்குப் பதில் பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு, 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக மேட்சுக்கு முன்னால் அதை ஃப்ரீசரில் வைத்து உறைய வைப்பார்கள். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஒரு வீரர் முக்கால் நிமிடத்துக்கு மேல் களத்தில் இருப்பது அபூர்வம், அந்த வேகத்துக்கு அதற்கு மேல் மூச்சு தாங்காது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டி ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தப்பு செய்தவன் இரண்டு நிமிடம் தனிக் கூண்டில் உட்கார வேண்டும், அதுவரை அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். முதல் மேட்சில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

இத்தாக்காவில் ஏன் இப்படி என்பதுதான் உண்மையான கேள்வி. பலர் "அணி நல்ல அணி, அதனால் கூட்டம்" என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அணி சுமாராக ஆடிய காலத்திலும் கூட்டம் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை ஆட்டம் நடக்கும் அந்த லைனா ரிங்க் என்ற பனித்தரை அரங்குக் கட்டடம்தான் கூட்டத்தை உண்டாக்கியது.

இத்தாக்கா ஒரு சின்ன ஊர். கயூகா ஏரிக்கு மேலே குன்றின் மீது பல்கலைக்கழகம், இரண்டு பக்கமும் அருவி விழும் பள்ளத்தாக்குகள். நியூயார்க் நகரத்துக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நவம்பரில் பனி விழ ஆரம்பித்தால் ஏப்ரல் வரை ஓயாது. நாலரை மணிக்கு இருட்டிவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே போவது? சினிமாவை விட்டால் ஹாக்கிதான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றாலே லட்சம் பேர் அமரும் ஃபுட்பால் மைதானம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அதெல்லாம் மிச்சிகன், ஒஹாயோ கதை. கார்னெலில் ஃபுட்பால் மைதானம் பாதி காலியாகக் கிடக்கும். ஹாக்கிக்குத்தான் வரிசை.

அங்கே ஹாக்கி 1900-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் பீபி ஏரி உறைந்ததும் அதன் மேல்தான் ஆட்டம். 1911-ல் ஒரு தோல்விகூட இல்லாமல் கல்லூரிகளுக்கிடையிலான பட்டத்தை வென்றிருக்கிறார்கள். ஆனால் ஏரியை நம்பி அட்டவணை போட முடியுமா? ஒரு வாரம் வெயில் அடித்தால் மேட்ச் ரத்து. 1948-ல் சலித்துப்போய் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். சுமார் ஒன்பது வருடம் ஹாக்கியே இல்லை. 1957-ல் இந்த ரிங்க் திறந்த பிறகுதான் மறுபடி அணி வந்தது. பணம் கொடுத்தவர் வால்டர் கார்ப்பென்டர் என்ற பழைய மாணவர், டூபான்ட் கம்பெனியின் தலைவராக இருந்தவர். தன் பெயரை வைக்காமல், 1935 முதல் 1943 வரை கார்னெலின் விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் லைனாவின் பெயர் வைக்கப்பட்டது. நம் ஊரில் பஸ் நிழற்குடைக்கே பெயர் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

லைனா பிரமாதமான கட்டடம் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கிடங்கு மாதிரி இருக்கும். 2006-ல் விரிவாக்கிய பிறகு 4,267 பேர் உட்காரலாம், அதற்கு முன் 4,000-க்கும் குறைவு. கூரை தாழ்வு. பெஞ்சுகள் பனித்தரையை ஒட்டியே தொடங்கிவிடும். தாழ்ந்த கூரைக்குக் கீழே நாலாயிரம் பேர் ஒரே வார்த்தையைக் கத்தினால் சத்தம் போக இடமில்லாமல் திரும்பி நம் தலையிலேயே விழும். எதிரணி கோல்கீப்பருக்கும் முதல் வரிசை மாணவனுக்கும் நடுவில் இருப்பது ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். அவர் பெயர், அவர் ஊர், போன வாரம் எத்தனை கோல் வாங்கினார் என்பதெல்லாம் அந்த மாணவனுக்குத் தெரியும். இருபதாயிரம் இருக்கை உள்ள அரங்கில் இந்த நெருக்கம் கிடைக்காது. பெரிய அரங்கு கட்டப் பணம் இல்லாமல் இல்லை, கட்டினால் இது போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மேட்ச் ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏழு மணி ஆட்டம் என்றால் ஆறு மணிக்கே மாணவர் பக்கம் நிரம்பத் தொடங்கும். ஒரு பக்கம் முழுக்க மாணவர்கள், எதிர்ப்பக்கம் ஊர்க்காரர்கள். ஊர்க்காரர்களில் முப்பது நாற்பது வருடமாக அதே இருக்கையில் உட்காருபவர்கள் உண்டு. பேராசிரியர்கள், கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் குடும்பத்தோடு வருவார்கள். எல்லோரும் சிவப்புச் சட்டை. மாணவர் பக்கம் யாரும் உட்காருவதில்லை, மூன்று பகுதியும் நின்றுகொண்டுதான். 'பி' பகுதியில் ஒருவன் மாட்டு மணியோடு நிற்பான். அவன் ஒரு தாளத்தில் அடிப்பான், கூட்டம் அதற்குப் பதில் சொல்லும். மணி அடிக்கும் பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒப்படைக்கப்படுவது, யார் வேண்டுமானாலும் மணி வாங்கிக்கொண்டு வந்து அடிக்க முடியாது.

எதிரணி வீரர்களின் பெயரை அறிவிக்கத் தொடங்கியதும் மாணவர் பக்கம் முழுவதும் மாணவர் பத்திரிகையான 'கார்னெல் டெய்லி சன்'னை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளும். "உங்களைப் பார்ப்பதைவிட எங்களுக்குப் பேப்பர் படிப்பது முக்கியம்" என்கிற பாவனை. பேப்பரைப் படபடவென்று ஆட்டுவார்கள். அறிவிப்பு முடிந்ததும் கசக்கி உருண்டையாக்கி எறிவார்கள். நான் முதல் தடவை போனபோது கையில் பேப்பர் இல்லாமல் நின்றேன். முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பேப்பரில் பாதியைக் கிழித்து என் கையில் திணித்து, "பிடி, படிக்கிற மாதிரி நடி" என்றாள். அவள் கொடுத்தது விளம்பரப் பக்கம். தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் தேசிய கீதம். அமெரிக்க தேசிய கீதத்தில் ஓரிடத்தில் "ரெட்" என்ற சொல் வரும். கார்னெலின் நிறம் சிவப்பு. அந்தச் சொல் வந்ததும் அரங்கம் மொத்தமும் "ரெட்!" என்று ஒரே குரலில் கத்தும். பழக்கமில்லாதவன் பெஞ்சிலிருந்து ஓர் அடி துள்ளுவான். வெளியூரிலிருந்து வந்த சிலருக்கு இது மரியாதைக் குறைவாகப் படும், ஊர்க்காரர்களுக்கு அப்படித் தோன்றுவதே இல்லை.

கார்னெல் கோல் போட்டால் பேண்டு வாத்தியம் முழங்கும். உடனே எல்லோரும் எதிரணி கோல்கீப்பரை நோக்கிக் கையை நீட்டி "சீவ், சீவ், சீவ்" என்று கத்துவார்கள். சல்லடை என்று திட்டு. கடைசியில் "எல்லாம் உன்னால்தான்!" ஒவ்வொரு கோலுக்கும் இது. பகுதியின் கடைசி நிமிடத்தை அறிவிப்பாளர் சொல்லும்போது கூட்டம் அவருக்கு ஒரே குரலில் நன்றி சொல்லும். ஜெயிப்பது உறுதியானதும் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டி, "பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணுங்கடா" என்று விருந்தாளிகளை வழியனுப்பும் சடங்கு. இவற்றை எழுதி வைத்த புத்தகம் கிடையாது. மூத்தவனைப் பார்த்து இளையவன் கற்றுக்கொள்கிறான். நாலு வருடத்தில் மொத்த மாணவர்களும் மாறிவிடும் இடத்தில் இது தலைமுறை தலைமுறையாக நிற்பதற்கு எதிர்ப்பக்கத்து ஊர்க்காரர்கள்தான் காரணம் என்பது என் கட்சி. மாணவன் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தக் கூட்டத்துக்கே ஒரு பெயர் உண்டு: லைனா ஃபெய்த்ஃபுல், அதாவது லைனாவின் விசுவாசிகள். வெளியூர் ஆட்டங்களுக்கும் போவார்கள். ஹார்வர்டின் சொந்த அரங்கில் சில சமயம் ஹார்வர்டுக்காரர்களைவிட இவர்கள் அதிகம் இருப்பதால் அந்த அரங்குக்கு "லைனா ஈஸ்ட்" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் சீசன் டிக்கெட்டுக்காக மாணவர்கள் ஸ்லீப்பிங் பேகோடு இரவெல்லாம் வரிசையில் கிடந்தார்கள். இப்போது உங்கள் மருமகன் கம்ப்யூட்டரில் வாங்கியிருப்பான்.

கட்டடம்தான் கூட்டத்தை உண்டாக்கியது என்றேன். அதைக் கொழுந்துவிட்டு எரிய வைத்தவர் நெட் ஹார்க்னெஸ். 1963-ல் பயிற்சியாளராக வந்தார். அதற்கு முன்பே 1954-ல் ரென்சலர் கல்லூரிக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அமெரிக்கப் பையன்களை மட்டும் நம்பியிருந்தால் ஆகாது என்று எல்லையைத் தாண்டி கனடாவுக்குப் போய் ஆள் பிடித்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் கென் டிரைடன்.

டிரைடனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். 1964-ல் பாஸ்டன் புரூயின்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது, அப்புறம் அந்த உரிமை மான்ட்ரியல் கனேடியன்ஸுக்குக் கைமாறியது. அந்தக் காலத்தில் கனடாவில் நல்ல ஹாக்கிக்காரன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆடப் போவதுதான் வழக்கம். இவர் கார்னெலுக்கு வந்து வரலாறு படித்தார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்று அப்போது விதி இருந்ததால் மூன்று சீசன்தான் ஆடினார். 76 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். 1967-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1 என்று தோற்கடித்து கார்னெல் முதல் தேசியப் பட்டத்தை வென்றபோது கோலில் நின்றவர் அவர்தான். பிறகு மான்ட்ரியலுக்காக எட்டு சீசனில் ஆறு தடவை ஸ்டான்லி கோப்பை, அதாவது தொழில்முறை ஹாக்கியின் உச்சப் பட்டம். நடுவில் ஒரு வருடம் சம்பளத் தகராறில் ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போய்விட்டார். பின்னாளில் எழுத்தாளர், கனடா நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர். 2025 செப்டம்பரில் காலமானார். ஆட்டம் நின்றிருக்கும்போது மட்டையைச் செங்குத்தாக ஊன்றி அதன் மேல் கைகளையும் தாடையையும் வைத்துக்கொண்டு எங்கோ யோசனையில் நிற்பார். அந்தப் படத்தை ஹாக்கி தெரிந்தவர்கள் யாரிடம் காட்டினாலும் பெயர் சொல்வார்கள். கார்னெல் அவருடைய 1-ஆம் எண் சட்டையையும், எண்பதுகளில் ஆடிய ஜோ நியூவென்டைக்கின் 25-ஆம் எண்ணையும் 2010-ல் நிரந்தரமாக ஓய்வு கொடுத்து வைத்துவிட்டது. அந்த இரண்டு எண்ணையும் இனி யாரும் அணிய முடியாது.

வேடிக்கை என்னவென்றால், டிரைடன் போன பிறகு வந்த அணிதான் அதைவிடப் பெரிய சாதனை செய்தது. 1969-70 சீசனில் 29 ஆட்டம், 29 வெற்றி. இறுதியாட்டம் லேக் பிளாசிடில், கிளார்க்சன் பல்கலைக்கழகத்தோடு. கடைசிப் பகுதியில் டான் லோட்போவா என்ற தடுப்பாட்டக்காரர் தனியாளாக மூன்று கோல் அடித்து 6-4 என்று முடித்தார். ஒரு தோல்வியும் ஒரு சமனும் இல்லாமல் தேசியப் பட்டம் வென்ற முதல்தரக் கல்லூரி ஆண்கள் அணி அது ஒன்றுதான், இன்றுவரை. லைனாவில் மட்டும் 1967 முதல் 1972 வரை தொடர்ந்து 63 ஆட்டங்களில் ஜெயித்தார்கள். அந்தச் சமயத்தில் மாணவனாக இருந்தவன் சொந்த ஊரில் தோல்வியைப் பார்க்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பான்! ஹார்க்னெஸ் 1970-லேயே டெட்ராய்ட் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கார்னெல் தேசியப் பட்டம் வாங்கவே இல்லை.

இதைச் சொன்னால் புதிதாகக் கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பட்டம் இல்லாத அணிக்கு ஏன் இவ்வளவு கூத்து? கார்னெல் கைகளைக் கட்டிக்கொண்டு ஆடும் அணி என்பதை மறக்கக்கூடாது. ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். ஆனால் மோதுவது பாஸ்டன் பல்கலைக்கழகம், மிச்சிகன் ஸ்டேட் மாதிரி முழு உதவித்தொகை கொடுத்து ஆள் சேர்க்கும் அணிகளோடு. ஆட்டங்களும் குறைவு, மற்றவர்கள் 34 ஆடும்போது ஐவி அணிகளுக்கு 29 தான். மற்ற இடங்களில் அக்டோபர் முதல் வாரமே சீசன் களைகட்டிவிடும், இத்தாக்காவில் அக்டோபர் கடைசியில்தான் முதல் ஆட்டம்.

இந்தக் குறையை கார்னெல் ஈடுகட்டிய விதம் தடுப்பாட்டம். 1995 முதல் 2025 வரை 30 வருடம் பயிற்சியாளராக இருந்த மைக் ஷேஃபரின் முத்திரை அது. எண்பதுகளில் கார்னெல் மாணவராக ஆடியபோது, ஹார்வர்டு மேட்சுக்கு முன் அறிமுகத்தில் மட்டையைத் தன் தலைக் கவசத்தின் மேலேயே அடித்து உடைத்தவர் இதே ஷேஃபர். அப்படிப்பட்ட ஆள் பயிற்சியாளரானதும் அவ்வளவு பொறுமையான, எதிரியை மூச்சு முட்ட வைக்கிற ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். 2002-03-ல் கோல்கீப்பர் டேவிட் லெனவூ ஆட்டத்துக்குச் சராசரியாக 1.20 கோல் மட்டுமே விட்டார். அந்த வருடம் தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளின் சுற்றில் நியூ ஹாம்ப்ஷயரிடம் 3-2 என்று தோற்றார்கள். 2006-ல் விஸ்கான்சினிடம் மூன்று கூடுதல் நேரப் பகுதிகள் ஆடி 1-0 என்று தோற்றார்கள். ஒரே கோல்! 2020-ல் 23 வெற்றி, 2 தோல்வி, 4 சமன் என்று நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்தபோது கொரோனா வந்து சீசனை அப்படியே நிறுத்திவிட்டது. கார்னெல்காரர்களிடம் அந்த வருடத்தைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள், ராத்திரி முடிந்துவிடும்.

ஷேஃபரின் கடைசி சீசனும் அந்த ரகம்தான். 2025-ல் தங்கள் லீக்கான ஈசிஏசி கோப்பையை மறுபடி வென்றார்கள், 2024-ஐச் சேர்த்துத் தொடர்ந்து இரண்டாவது தடவை. தேசியப் போட்டியில் மிச்சிகன் ஸ்டேட்டைக் கவிழ்த்தார்கள். அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் 3-2. அதோடு அவர் ஓய்வு பெற்றார்.

பெண்கள் அணியைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1971-லேயே தொடங்கிவிட்டார்கள், பெண்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே. 2010-ல் தேசிய இறுதியாட்டம் வரை போய் மினசோட்டா டுலூத்திடம் 3-2 என்று தோற்றார்கள், அதுவும் மூன்றாவது கூடுதல் நேரத்தில். கார்னெலுக்கும் மூன்றாவது கூடுதல் நேரத்துக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை போலிருக்கிறது. 2014 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனடா பெண்கள் அணியில் ரெபெக்கா ஜான்ஸ்டன், பிரியான் ஜென்னர் உட்பட நான்கு பேர் கார்னெலில் ஆடியவர்கள். அந்தத் தரத்து ஆட்டத்தை லைனாவில் கூட்ட நெரிசல் இல்லாமல் நல்ல இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைவாக வருவது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

மேட்ச் இல்லாத நாட்களில் லைனா சாதாரண ரிங்க். உடற்பயிற்சி வகுப்பாக ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுப்பார்கள், ஃபிகர் ஸ்கேட்டிங் கிளப் இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். பனியை முதன்முதலில் பார்த்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நகர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வரிசையில்தான். அந்தப் பனித்தரையைப் பற்றி ஒரு வார்த்தை: கனம் ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம்தான் இருக்கும். அதற்குக் கீழே கான்கிரீட், அதற்குள் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த திரவம் ஓடும் குழாய்கள். ஆட்டத்தின் இடைவேளையில் சாம்போனி என்ற வண்டி வந்து, கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவி எடுத்துக்கொண்டே பின்னால் வெந்நீரை மெல்லிசாகத் தடவிப் போகும். வெந்நீர் ஏன் என்றால், அது கீறலுக்குள் இறங்கி பழைய பனியைக் கொஞ்சம் உருக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் காற்றும் குறைவாக இருப்பதால் பனி கெட்டியாகவும் தெளிவாகவும் உறையும். சாணி மெழுகிய திண்ணை மாதிரி மழமழவென்று ஆகிவிடும். இடைவேளையில் யாரும் கேன்டீனுக்கு ஓடாமல் இந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்திருக்கிறேன்.

இனிமேல் என்ன ஆகும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று சொல்லி அமெரிக்கக் கல்லூரிகள் சேர்க்காமலே இருந்தன. 2025 ஆகஸ்டிலிருந்து அந்தத் தடை போய்விட்டது. பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றும் ஆகிவிட்டது, ஐவி லீக் அதில் சேர மறுத்துவிட்டது. பெரிய இடங்கள் இருபது வயது முரட்டு ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து வாங்கும்போது, காசு தராத, பாடத்திலும் தேற வேண்டும் என்று சொல்லும் கார்னெல் எவ்வளவு காலம் ஈடு கொடுக்கும்? ஷேஃபருக்குப் பின் வந்திருக்கும் கேசி ஜோன்ஸும் பழைய கார்னெல் ஆட்டக்காரர்தான். அவர் தலையில் விழுந்திருக்கும் வேலை சின்ன வேலை இல்லை.

மருமகனுக்குச் சொல்ல வேண்டியவை: உள்ளேயும் குளிரும், அதனால் தெர்மல் பனியன் போடச் சொல்லுங்கள். கத்தலாம், ஆனால் எதிரணி வீரரின் குடும்பத்தை இழுத்துக் கத்தும் சில பசங்களோடு சேர வேண்டாம். மார்ச்சில் ஈசிஏசி இறுதிச் சுற்று லேக் பிளாசிடில் நடக்கும், 1980 ஒலிம்பிக் நடந்த அரங்கில். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து காரில் போனால் செலவு தாங்கும், அறை மட்டும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். நீங்கள் அமெரிக்கா போவதாக இருந்தால் நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் வாரமாகப் பார்த்துப் போங்கள். அந்தச் சனிக்கிழமை நியூயார்க் நகரத்தில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கார்னெல் ஆடும், 2007-ல் தொடங்கிய வழக்கம். ஒற்றைப்படை வருடங்களில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தோடு, இரட்டைப்படை வருடங்களில் வேறொரு அணியோடு. இத்தாக்காவிலிருந்து பல்கலைக்கழக பஸ்ஸே மன்ஹாட்டனுக்கு வரும், அவனே வந்து உங்களை அழைத்துப்போவான். டிக்கெட்டை மட்டும் செப்டம்பரிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.